நிலம் இளகும்வரை

கோல்டர் ஃப்ளாட், மொன்டானா
மார்ச் 6, 1977

டெல்பர்ட்,

பஸ் பார்சலில் உன் கடைப் பெயருக்கு ஒரு பெட்டி வரும். உள்ளே என் பழைய கைத்துப்பாக்கி. கொரியாவில் என் இடுப்பில் தொங்கியதே, அதுதான். அது எப்படி என்னோடு கப்பலேறி வீடு வந்தது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இனியும் அப்படியே இருக்கட்டும்.

வேலை செய்யவில்லை. விசையை அழுத்தினேன், துப்பாக்கிக் குதிரை விழுந்தது, 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வெடிக்காத தோட்டாவைக் கொண்டுவராமல் துப்பாக்கியை மட்டும் நீட்டுகிறவர்களை நீ கடையில் எப்படித் திட்டுவாய் என்று பார்த்திருக்கிறேன். அதனால் அந்தத் தோட்டாவையும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

இதை நம்பும்படி செய்து கொடு. அலங்காரம் வேண்டாம், புதுக் கைப்பிடி வேண்டாம். அழுத்தினால் சுட வேண்டும். முதல் தடவையே.

உன் தங்கையை இன்னும் புதைக்கவில்லை. ஜனவரியில் செத்தவர்களுக்கு இங்கே நடப்பதுதான். நிலம் இரும்பாகக் கிடக்கிறது, கடப்பாரையைப் போட்டால் துள்ளுகிறது. சர்ச்சுக்குப் பின்னால் ஒரு கல் அறை உண்டு, அதில் பெட்டியோடு வைத்திருக்கிறார்கள். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்தே நெல்டாவுக்குக் குளிர் ஆகாது, உனக்கே தெரியும். மே மாத நடுவில் நிலம் இளகும், அப்போது அடக்கம் செய்யலாம் என்கிறார் பாதிரியார். அதற்குள் துப்பாக்கி என் கைக்கு வந்துவிட வேண்டும்.

நீ பனிப் படியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு கிடந்ததால் பிரார்த்தனைக்கு வர முடியவில்லை என்று உன் பெர்னடீன் எழுதியிருந்தாள். அதற்கு வருத்தம் சொல்லிக் கடிதம் எழுதாதே.

போன் பண்ணாதே. பக்கத்துப் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி. நான் எடுக்கும் முன்பே ஹேஸல் ஆஸ்ட்பி எடுத்துக் காதில் வைத்திருப்பாள்.

ஆர்விட்


ஹார்லன் ஃபெர்ரி, ஐடஹோ
மார்ச் 14, 1977

அன்புள்ள ஆர்விட்,

பெட்டி வந்தது. நீ கட்டியிருந்த கயிற்றை அவிழ்ப்பதற்குள் எனக்கு இன்னொரு எலும்பு போயிருக்கும். கன்றுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சையா பார்சலுக்குப் போடுவார்கள்? பெர்னடீன் கத்தரிக்கோலோடு வந்து, "இந்த மனுஷனுக்கு எதையும் லேசா கட்டவே தெரியாதா? நெல்டா எப்படித்தான் அவுத்துக்கிட்டு ஊர்ப்பக்கம் வந்து போவாளோ" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கத்தரிக்கோலை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இடுப்பு பரவாயில்லை. வண்டி ஓட்டக் கூடாது என்கிறார் டாக்டர். ஓர் உயரமான முக்காலியில் சாய்ந்துகொண்டு வேலை பார்க்கிறேன். பார்க்கிறவர்களுக்குச் சாராயக் கடையில் சாய்ந்திருக்கிற ஆள் மாதிரி தெரியும்.

துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தேன். நல்ல ஜாதி. சேற்றில் விழுந்தாலும் எடுத்து உதறிவிட்டுச் சுடுவதற்காகவே செய்த ரகம் இது. ஆனால் உன்னுடையது வயதாகிக் களைத்துப் போயிருக்கிறது. குதிரையைத் தள்ளுகிற ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அதனால் ஊசி தோட்டாவின் முதுகை லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது. நீ அனுப்பிய தோட்டாவில் அந்தத் தடம் தெரிகிறது, விரல் நகத்தால் கீறியது போல. தோட்டாக்களை அடுக்குகிற மேகசினின் வாய் கொஞ்சம் விரிந்திருக்கிறது. வெற்றுக் கூட்டை இழுத்து வெளியே எறிகிற கொக்கியும் சோர்ந்து போயிருக்கிறது. எல்லாம் சரி செய்யக்கூடியதுதான்.

சில விஷயம் கேட்க வேண்டும். சுட்டுக்கொண்டே இருக்கும்போது நின்றதா, எடுத்த எடுப்பிலேயே நின்றதா? குழலில் கரியே இல்லையே. மேகசினில் வேறு தோட்டா இருந்ததா? எதைச் சுடப் போனாய்? டாக்டரிடம் சொல்வது போல ஒன்று விடாமல் சொல்.

நெல்டாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. துப்பாக்கியைப் பற்றியே எழுதி முடித்துவிட்டேன், பார்.

டெல்பர்ட்


கோல்டர் ஃப்ளாட்
மார்ச் 23, 1977

டெல்பர்ட்,

வேலியோரம் நரி வந்தது. ஒரு தோட்டாதான் போட்டிருந்தேன். வெடிக்கவில்லை. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தைப் பார்த்தால் வேலை பெரிதாகத் தெரியவில்லை. சீக்கிரம் முடி.

இங்கே எனக்கும் வேலை குறைவு. மாடு, கன்று, கோழி எல்லாவற்றையும் பிப்ரவரியிலேயே விற்றாயிற்று. நிலத்தை ஆஸ்ட்பி வீட்டாருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். ரைஃபிள்களையும் அவர்கள் வீட்டுப் பையன்களுக்கே கொடுத்துவிட்டேன், சும்மா துரு ஏறிக்கொண்டிருந்தன. நாய் இப்போது ஹேஸலிடம் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் ஓடி ஓடி இங்கே வந்தது. இப்போது வருவதில்லை. வீடு சுத்தமாக இருக்கிறது.

நெல்டாவைப் பற்றி எழுத வேண்டாம். எழுதினால் நான் படிக்க வேண்டியிருக்கும்.

ஆர்விட்


ஹார்லன் ஃபெர்ரி
ஏப்ரல் 3, 1977

அன்புள்ள ஆர்விட்,

கோபப்படாதே, கொஞ்சம் தாமதம் ஆகும். ஸ்பிரிங் ஒஹாயோவிலிருந்து வர வேண்டும். தோட்டா குழலுக்குள் ஏறிப் போகிற சரிவையும் மெருகேற்ற வேண்டும். அதை அவசரப்பட்டுத் தேய்த்தால் போச்சு. மயிரளவு கூடிப்போனாலும் துப்பாக்கி பாழ். இந்த வேலையில் கை நடுங்கினால் நிறுத்திவிட வேண்டும். எனக்கு இப்போது நடுங்குகிறது.

இன்னொன்று. கைப்பிடியை உன் கைக்குத் தக்கபடி பார்க்க வேண்டும். ஒரு தாளில் உன் வலது கையை வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. அவசரமில்லை. நிதானமாகப் போடு.

நேற்று ஒருத்தர் கடைக்கு வந்தார். ஆற்றில் விழுந்த ரிவால்வரைக் கொண்டுவந்து, "டெல்பர்ட், இதுக்குள்ள ஒரு மீன் இருக்கு, பாத்துப் பிரி" என்றார். பிரித்தேன். உண்மையிலேயே இருந்தது! சுண்டு விரல் அளவு. நெல்டா இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் என்னைக் கேலி செய்து எழுதியிருப்பாள். நீ எழுதாதே என்று சொன்னாய், எழுதிவிட்டேன். அவள் என் தங்கை, ஆர்விட். எனக்கு வேறு யாரிடம் எழுதத் தோன்றும்?

ஒரு சந்தேகம். மாடும் இல்லை, கன்றும் இல்லை, கோழிகூட இல்லை என்கிறாய். நரிக்கு உன் வேலியில் என்ன வேலை?

டெல்பர்ட்


கோல்டர் ஃப்ளாட்
ஏப்ரல் 12, 1977

டெல்பர்ட்,

கல்யாணமான அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே வந்தாய். நெல்டா அடுப்பில் உருளைக்கிழங்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ரொட்டியை முடிப்பதற்குள் நீ சமையல் மேசையில் இதே துப்பாக்கியைப் பிரித்து, தேய்த்து, ஸ்பிரிங் மாற்றித் திரும்பப் பூட்டினாய். "என் மாவுல எண்ணெயக் கொட்டிட்டு நிக்கிறான் பாரு, இவன் ஒரு அண்ணன்!" என்று கரண்டியால் உன் தலையில் தட்டினாள். ஒரு மத்தியான வேலை.

இப்போது ஒஹாயோ என்கிறாய். மெருகு என்கிறாய். கையை வரைந்து அனுப்பு என்கிறாய். நான் என்ன கையுறையா தைக்கக் கொடுத்தேன்?

ஹேஸல் தினமும் சூப் கொண்டு வருகிறாள். ஒரு நாள் விடுவதில்லை. கதவைத் தட்டிவிட்டு நான் வந்து நிற்கும்வரை போகமாட்டேன் என்கிறாள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்கிறாள். இருபது வருஷத்தில் இல்லாத அக்கறை. இதன் பின்னால் நீ இருக்கிறாயா?

துப்பாக்கியை அனுப்பு. இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்பு.

ஆர்விட்


ஹார்லன் ஃபெர்ரி
ஏப்ரல் 20, 1977

ஆர்விட்,

ஆமாம், ஹேஸலுக்கு நான்தான் போன் செய்தேன். ஊர்க் கதை கேட்கிற அந்தக் காது எனக்குத் தேவைப்பட்டது. நீ கோபித்துக்கொள்ள வேண்டுமானால் என்னைக் கோபித்துக்கொள், அவளை விட்டுவிடு.

ஒஹாயோவும் பொய். ஸ்பிரிங் என் மேசை டிராயரில்தான் கிடந்தது. துப்பாக்கி தயாராகி நாளாகிவிட்டது. சரிவைக் கண்ணாடி போல இழைத்திருக்கிறேன். கொக்கியை என் கையாலேயே புதிதாகச் செய்தேன். மேகசினைச் சரி செய்தேன். பின்னால் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தேன். பழைய தோட்டா, புதுத் தோட்டா, மண் ஒட்டிய தோட்டா எல்லாம் போட்டேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. இவ்வளவு வருஷத்தில் என் கடையிலிருந்து இவ்வளவு நம்பகமான துப்பாக்கி வெளியே போனதில்லை.

அதனால்தான் இது வெளியே போகாது.

நரி சுடப் போகிறவன் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுக்கொண்டு போகமாட்டான். அதுவும் நீ, போர்முனையில் இருந்து வந்தவன். அந்தத் தோட்டாவைத் துணியிலிருந்து எடுத்தபோதே எனக்கு அந்த எண்ணம் வந்தது. இல்லை, இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் நீ நாயைக் கொடுத்துவிட்டதாக எழுதினாய். பொம்மையைக் கொடுக்கிற மாதிரியா நீ அந்த நாயைக் கொடுப்பாய்?

நேராகவே கேட்கிறேன். உன்னை நீயே சுட்டுக்கொள்ளத்தானே போனாய்? அது வெடிக்காமல் போனதும், அவளைப் புதைக்காமல் விட்டுவிட்டுப் போகப் பார்த்தோமே என்று உனக்கே வெட்கமாகியிருக்கும். அதனால் மே மாதம்வரை என்று உனக்கு நீயே தவணை கொடுத்துக்கொண்டாய். நிலம் இளக வேண்டும், அவள் உள்ளே போக வேண்டும், பிறகு நீ. நான் சொல்வது தப்பு என்றால் தப்பு என்று எழுது. தப்பாக நினைத்ததற்கு உன் காலில் விழத் தயார், இடுப்பு இருக்கிற லட்சணத்தில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது, இருந்தாலும் விழுகிறேன்.

உன் ஊர் இரும்புக் கடையில் ஆணி வாங்குகிற நேரத்தில் இன்னொரு துப்பாக்கி வாங்கிவிடலாம் என்று எனக்குத் தெரியும். நான் உன்னைத் தடுத்துவிட முடியாது. ஆனால் என் கையால் சீர்செய்து, என் கையால் கட்டி, உனக்கு அனுப்ப மாட்டேன். நெல்டாவை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்?

பெர்னடீனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவர இங்க வரச் சொல்லு, மாடி அறை சும்மாதான கெடக்கு" என்கிறாள். வா, ஆர்விட். அல்லது டாக்டரிடம் போ. அல்லது இந்தக் கடிதத்துக்கு என்னைத் திட்டியாவது பதில் போடு.

டெல்பர்ட்


கோல்டர் ஃப்ளாட்
ஏப்ரல் 28, 1977

மிஸ்டர் டாக்கெட்,

நரி என்று எழுதினேன். நரிதான்.

அது என் பொருள். பழுதுபார்க்கத்தான் கொடுத்தேன், பாதுகாப்புக்கு இல்லை. அடக்கம் மே 15, ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்கு மேல். நீங்கள் வருவதானால் அதைக் கையோடு கொண்டுவரவும். வராவிட்டால் திங்கட்கிழமை காலை ஷெரிஃபிடம் போய், என் மனைவியின் அண்ணன் திருடன் என்று எழுதிக் கொடுப்பேன்.

ஆ. ஸ்ட்ராண்ட்


ஹார்லன் ஃபெர்ரி
மே 21, 1977

ஆர்விட்,

நீ முற்றத்தில் நின்று கத்தியதற்கு அப்புறம் இதைப் பிரிப்பாயா என்று தெரியாது. பிரிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி, எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

துப்பாக்கியைக் கொண்டுதான் வந்திருந்தேன். பெர்னடீன் வண்டி ஓட்டினாள், நான் பக்கத்தில், அது என் இருக்கைக்குக் கீழே. வழி முழுக்க இரண்டு பேரும் அதைப் பற்றித்தான் சண்டை போட்டோம். "கொடுத்துட்டு வந்தா நீயும் நானும் ஒரு வீட்டுல இருக்க முடியாது" என்றாள். "அவன் பொருள்டி, அவன் என்ன சின்னப் பையனா" என்றேன். கொடுப்பதா வேண்டாமா என்று உன் வீட்டு வாசலில் இறங்கும்வரை நான் முடிவெடுத்திருக்கவில்லை. ஒருவேளை நான் நினைத்தது எல்லாமே தப்பாக இருக்கலாம், வருத்தத்தில் இருக்கிற மனுஷனைப் போட்டு அவமானப்படுத்துகிறோமோ என்றும் இருந்தது.

அப்புறம் நீ காப்பி போடப் போனாய். நான் கோப்பை எடுக்க அலமாரியைத் திறந்தேன். எல்லாம் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தாய். ஒவ்வொன்றிலும் பெயர். நெல்டாவின் நீலக் கோப்பையில் 'பெர்னடீனுக்கு'. ரொட்டிக் கட்டையில் 'ஹேஸலுக்கு'. கதவுக்குப் பின்னால் உன் கறுப்புக் கோட்டு, இஸ்திரி போட்டு. அது அன்றைய அடக்கத்துக்கு என்றால் நீ அதை உடுத்தியிருப்பாய். நீ பழுப்புக் கோட்டில் நின்றுகொண்டிருந்தாய்.

அந்த இடத்தில்தான் முடிவெடுத்தேன்.

அவளை இறக்கியபோது மண் இன்னும் முழுதாக இளகவில்லை. கட்டி கட்டியாகப் பெட்டிமேல் விழுந்தது. அந்தச் சத்தம் என் காதைவிட்டு இன்னும் போகவில்லை. நீ அசையாமல் நின்றாய். நான் ஊன்றுகோலை விட்டுவிட்டு உன் தோளைப் பிடிக்கப் பார்த்தேன். நீ நகர்ந்துகொண்டாய்.

வீட்டுக்கு வந்ததும், "கொண்டு வந்தியா?" என்றாய்.

"வண்டில இருக்கு."

"வேலை செய்யுதா, இல்ல அதையும் கெடுத்து வச்சிருக்கியா?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்துப் பக்கம் நொண்டிக்கொண்டு போய், மண் கரையைப் பார்த்துச் சுட்டேன். அது திமிர் இல்லை. உன்னிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறேன் என்று நீ நினைக்கக் கூடாது என்றுதான். கொண்டுவந்த தோட்டா எல்லாவற்றையும் சுட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை, நீயே பார்த்தாய். "இப்ப நல்லா வேலை செய்யுது, ஆர்விட். அதனாலதான் உனக்குத் தர மாட்டேன்" என்றேன்.

நீ சொன்னதை எல்லாம் நான் திரும்ப எழுதவில்லை. 'நீ அவ அண்ணனே இல்ல' என்றது மட்டும் வலிக்கிறது. மற்றதைப் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

ஷெரிஃபிடம் போ. நானே வந்து உண்மையைச் சொல்கிறேன்.

டெல்பர்ட்


ஹார்லன் ஃபெர்ரி
ஆகஸ்ட் 7, 1977

ஆர்விட்,

ஜூனில் இரண்டு கடிதம், ஜூலையில் ஒன்று. எதற்கும் பதில் இல்லை. ஹேஸலுக்குப் போன் செய்தால் "வண்டில போறத பாத்தேன், தொப்பிய எறக்கி விட்டுக்கிட்டுப் போறார், கை காமிச்சா திரும்பல" என்கிறாள். உயிரோடு இருக்கிறாய் என்பதற்கு அதுதான் எனக்குக் கிடைக்கிற செய்தி. அவள் சூப்பை விடவில்லையாம். நீ கதவைத் திறப்பதில்லையாம், ஆனால் பாத்திரம் மறுநாள் கழுவி வாசலில் இருக்குமாம்.

இடுப்பு சேர்ந்துவிட்டது. இப்போது வண்டி ஓட்டுகிறேன். வரட்டுமா என்று கேட்க மாட்டேன், வேண்டாம் என்பாய். இந்த மாதத்துக்குள் ஒரு வரிகூட வராவிட்டால், செப்டம்பரில் உன் வாசலில் வந்து நிற்பேன். நாயை விடுவதானால் ஹேஸலிடமிருந்து கடன் வாங்கித்தான் விட வேண்டும்.

டெல்பர்ட்


கோல்டர் ஃப்ளாட்
அக்டோபர் 9, 1977

டெல்பர்ட்,

நீ செப்டம்பரில் வந்தபோது வீடு பூட்டியிருந்தது என்று ஹேஸல் சொன்னாள். அவள் சொல்லி நீ ஆஸ்பத்திரிக்கே வந்தாய், யாரையும் பார்க்க மாட்டேன் என்று சொன்னது நான்தான். நீ காரிடாரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனதாக நர்ஸ் சொன்னாள். சாப்பிட ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

நடந்ததை எழுதுகிறேன். எழுதச் சொல்லி டாக்டர் சொல்கிறார். ஆனால் அதற்காக எழுதவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ரூபன் க்ளாஸின் இரும்புக் கடைக்குப் போனேன். ஆணி வாங்குகிற நேரத்தில் வாங்கிவிடலாம் என்று நீ எழுதியது சரிதான். ரூபன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இரண்டு மூன்று எடுத்து வைத்தான். அதில் ஒன்று என்னுடைய ரகமேதான், புதிது.

"இது நம்பலாமா?" என்றேன்.

"கண்ண மூடிக்கிட்டு நம்பலாம் சார். என்ன, நரியா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனை தடவை சொல்லியாயிற்று! இந்தத் தடவை வரவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "இல்ல, ரூபன். எனக்கு" என்றேன்.

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. உன்னிடம்கூட நான் சொல்லவில்லை. நீயாகக் கேட்டாய், நான் நரி என்றேன்.

ரூபன் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கடையில் ஒரு அம்மா பெயின்ட் வாங்க நின்றிருந்தாள். "இன்னைக்குக் கடை அவ்வளவுதாம்மா, நாளைக்கு வாங்க" என்று அவளை அனுப்பிக் கதவைச் சாத்தினான். அப்புறம் என் எதிரே ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். "எங்கப்பாவும் இப்படித்தான் ஒரு நாள் கெளம்பினாரு. நான் அப்ப பக்கத்து ரூம்ல ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அவன் அப்பாவைத் தெரியும். குதிரை உதைத்துச் செத்தார் என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு பேரும் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. நான் அழுதேன். அவன்தான் தன் லாரியில் முன்னாள் சிப்பாய்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். செப்டம்பர் முழுக்க அங்கேதான் இருந்தேன். மாத்திரை கொடுக்கிறார்கள். வாரம் ஒரு முறை போய்ப் பேச வேண்டும். ரூபன் கூட்டிப் போகிறான். வழியில் அவன் பேசுகிற பேச்சு முழுக்க தண்ணீர்க் குழாய் பற்றித்தான்.

உன்னைத் திருடன் என்றேன். அண்ணனே இல்லை என்றேன். நீ அதைத் திரும்ப எழுதியதைப் படித்தேன். எல்லாக் கடிதத்தையும் படித்தேன், டெல்பர்ட். ஒன்றைக்கூட அடுப்பில் போடவில்லை.

ஆர்விட்


ஹார்லன் ஃபெர்ரி
அக்டோபர் 18, 1977

அன்புள்ள ஆர்விட்,

உன் கடிதத்தை பெர்னடீன் தபால் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு கடைக்கே ஓடி வந்தாள். மாவு ஒட்டிய கையோடு. "பிரி, பிரி, எனக்குத் தைரியம் இல்ல" என்றாள். எனக்கு மட்டும் இருக்குமா? கடைசியில் கடையில் நின்றிருந்த வாடிக்கையாளரைத்தான் பிரிக்கச் சொன்னோம். அந்த ஆள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்.

பெஞ்சில் உட்கார்ந்ததைப் பற்றி வருத்தப்படாதே. பசிக்கவில்லை. நீ அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுவிடுகிறாய் என்று தெரிந்து உட்கார்ந்திருந்தேன், எனக்கு அது போதுமாக இருந்தது.

உன் துப்பாக்கியை முழுதாகப் பிரித்து, எண்ணெய் போட்டு, ஒவ்வொரு பாகத்தையும் வேறு வேறு டப்பாவில் வைத்திருக்கிறேன். விற்க மாட்டேன், யாருக்கும் காட்ட மாட்டேன். அதை என்ன செய்வது என்று நீ சொல்கிறவரை அப்படியே இருக்கும். நீ சொல்லாவிட்டாலும் இருக்கும்.

இவ்வளவு வருஷம் கடை வைத்திருக்கிறேன். எது சிக்குகிறது, எது தப்புகிறது என்று எல்லோரிடமும் கேட்டிருக்கிறேன். உன்னிடம் கேட்ட மாதிரி வேறு யாரிடமும் கேட்டதில்லை. இப்போது துப்பாக்கியோடு யார் உள்ளே வந்தாலும் முதலில் முகத்தைத்தான் பார்க்கிறேன். வியாபாரத்துக்கு இது நல்லதில்லை என்கிறாள் பெர்னடீன். சொல்லிவிட்டு அவளும் எட்டிப் பார்க்கிறாள்.

ரூபனுக்கு என் வணக்கத்தைச் சொல்.

டெல்பர்ட்


கோல்டர் ஃப்ளாட்
நவம்பர் 13, 1977

டெல்பர்ட்,

முதல் பனி விழுந்துவிட்டது. காலையில் கல்லறைக்குப் போய்க் கல்லின் மேலிருந்ததைத் தட்டிவிட்டு வந்தேன். மத்தியானம் திரும்ப மூடிவிட்டது. நாளைக்குப் போக மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன், போவேன்.

நன்றாக இருக்கிறேன் என்று எழுத மாட்டேன். இருக்கிறேன். சில காலை எழுந்திருக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை, கால் தரையைத் தொட்ட பிறகுதான் அவள் இல்லை என்று ஞாபகம் வருகிறது. ஞாபகத்தோடேயே எழுந்திருக்கிற காலைகள்தான் இதைவிடத் தேவலை. துப்பாக்கியைப் பற்றி நினைப்பு வருகிறதா என்று டாக்டர் கேட்கிறார். வருகிறது என்று உண்மையைச் சொல்கிறேன். அது வேண்டாம் எனக்கு. நானே கேட்டு எழுதினாலும் அனுப்பாதே.

அலமாரியில் இருந்த செய்தித்தாளையெல்லாம் பிரித்துவிட்டேன். பெர்னடீன் பெயர் எழுதிய கோப்பையில் நான் காப்பி குடிக்கிறேன் என்று அவளிடம் சொல். அவளுக்கு அது கிடைக்க இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

இத்தனை கடிதத்திலும் நீ என்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாய். உன் தங்கையும் செத்துப் போயிருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. உன்னை யாரும் கேட்கவில்லை. அவளைப் பற்றி எழுதாதே என்றுவேறு சொன்னேன். இப்போது எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுது.

ஒன்று கேட்க வேண்டும். அவள் மோவாய்க்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு இருக்கும், தலையைத் தூக்கிச் சிரித்தால்தான் தெரியும். அது எப்படி வந்தது என்று நான் கேட்டதே இல்லை. கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. சிறு வயதில் விழுந்தாளா? உனக்குத் தெரிந்திருக்குமே. எழுது.

ஆர்விட்


ஹார்லன் ஃபெர்ரி
நவம்பர் 25, 1977

அன்புள்ள ஆர்விட்,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நாள்கணக்காக யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.

நான் பட்டாளத்துக்குப் போகும்போது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், தழும்பு கிடையாது. போர் முடிந்து தீவுகளிலிருந்து நான் திரும்பி வந்தபோது இருந்தது. ரயில் நிலையத்தில் என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கிச் சிரித்தாளே, அப்போதே பார்த்தேன். கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்தது, அப்பா போனது, கடை போட்டது, அவள் உன்னைக் கட்டிக்கொண்டு அங்கே வந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவிட்டது. ஆர்விட்டுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் இருந்தேன். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நீ இருந்திருக்கிறாய்.

அம்மா இல்லை. அந்தத் தெருவில் அப்போது இருந்த யாரும் இப்போது இல்லை. பெர்னடீன் நான்கு பேருக்குப் போன் போட்டுப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை. இனி அதைச் சொல்ல ஆளே இல்லை, ஆர்விட். அவ்வளவு சின்ன விஷயம், அதையும் அவள் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரியிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. அடக்கத்தின்போதும் வரவில்லை, உன்னைக் காவல் காப்பதிலேயே கண்ணாக இருந்தேன். நேற்று கடையில் முக்காலியில் உட்கார்ந்து, அந்தத் தழும்பு எப்படி வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வந்தது. நிற்கவே இல்லை. பெர்னடீன் கதவில் 'மூடியிருக்கிறது' என்ற பலகையைத் திருப்பிவிட்டு வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்று மட்டும் சொல். அது மோவாயின் இடது பக்கமா, வலது பக்கமா? எனக்கு இடது என்றுதான் ஞாபகம், ஆனால் யோசிக்க யோசிக்க மாறிக்கொண்டே போகிறது. நீ எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன், உனக்குச் சரியாகத் தெரியும். எழுது. நீ எந்தப் பக்கம் என்று சொல்கிறாயோ, நானும் அந்தப் பக்கமே என்று வைத்துக்கொள்கிறேன்.

டெல்பர்ட்